மாதிரி ரயில்களின் தரம்: கேள்வி பதில்

கேள்வி: வாங்கிச் சில ஆண்டுகளே ஆன என்ஜினின் உலோகச் சட்டம் உப்பி விரிசல் விட்டிருக்கிறது. அது கீழே விழவும் இல்லை, நனையவும் இல்லை. பிறகு ஏன்?

பதில்: வார்ப்பு உலோகத்தில் கலந்த அசுத்தமே காரணம். இத்தகைய சட்டங்கள் பெரும்பாலும் துத்தநாகத்துடன் சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்த ‘ஸமாக்’ கலவையில் வார்க்கப்படுகின்றன. அதில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மிச்சத் துண்டுகளை மீண்டும் உருக்கும்போது ஈயம் புகுந்துவிட்டால், காற்றிலுள்ள ஈரமே போதும். உலோகத்தின் நுண்படிகங்களுக்கு இடையே அரிப்பு பரவி, சட்டம் உப்பி, உடல் கூட்டையும் பிளந்துவிடும். புதிதாக வார்த்த துண்டு குறையற்றதாகவே தோன்றும் என்பதால், உருக்கும் ஒவ்வொரு முறையும் உலோகத்தைச் சோதித்தாலொழிய இதைப் பிடிக்க முடியாது. சாயமோ எண்ணெயோ இதைத் தடுக்காது.

கேள்வி: உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோனதன் விளைவுதானே இது?

பதில்: ஏற்க மாட்டேன். 1930-களில் இங்கிலாந்தின் லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் வார்த்த ஹார்ன்பி ரயில்களிலும் இதே நோய் உண்டு.

கேள்வி: அன்று அறியாமல் செய்தார்கள், இன்று அறிந்தே செய்வது குற்றமல்லவா?

பதில்: அன்றும் அறியாததன்று. 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தில் செய்யும் ஸமாக்கை அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929-லேயே உருவாக்கிவிட்டது. குற்றம் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அது பெட்டியின்மேல் தன் பெயரை அச்சிட்டவரைச் சேர வேண்டும். பல நிறுவனங்களுக்குச் சொந்தத் தொழிற்சாலை இல்லை. ஒரே ஒப்பந்ததாரர் பலருக்கும் செய்து தருகிறார். உங்கள் என்ஜின் அடங்கிய தொகுதி (ஒரே முறையில் செய்த சரக்கு) கப்பலில் வந்து சேரும் வேளையில், அதே தொழிலாளர்கள் வேறொருவரின் மாதிரியைப் பூட்டிக்கொண்டிருப்பார்கள். எனவே, உலோகச் சோதனைக்கும் ஆலையிலேயே நிற்கும் ஆய்வாளருக்கும் பணம் ஒதுக்காதவர், பழியை மட்டும் தொலைதூரத் தொழிலாளியின்மேல் போடுவது நியாயமன்று.

கேள்வி: ஆய்வு செய்த பிறகே அனுப்புகிறோம் என்கிறார்களே?

பதில்: அது சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்க்கும் ஆய்வு. இத்தகைய ஆய்வுக்கான சர்வதேசத் தர விதியான ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையின் வழக்கமான நிலையில், 1,000 என்ஜின்கள் கொண்ட தொகுதியில் 80-ஐ மட்டும் எடுப்பார்கள், 2.5 சதவீதம் என்னும் ஏற்பளவு (பொறுத்துக்கொள்ளும் பழுதின் அளவு) வைத்திருந்தால், அவற்றுள் 5 பழுதாக இருந்தாலும் தொகுதி தேறிவிடும். ஆகவே, பெட்டியைத் திறந்த அன்றே இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ‘டிக்’ என்ற ஓசை வருகிறது.

பதில்: அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக் பற்சக்கரம் பிளந்திருக்கும். பிளந்த இடத்தில் இரு பற்களுக்கு இடையிலான இடைவெளி சற்றே அகன்றிருப்பதைப் பூதக்கண்ணாடியில் காணலாம். ஒட்டினால் நிற்காது, மாற்றுங்கள். ஒரு தொகுதி முடிந்தபின் உதிரிபாகம் அரிதாகிவிடும் என்பதால், மீண்டும் சொல்கிறேன்: திறந்த அன்றே ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: என் ஹெச்ஓ (1:87 அளவு) ரயில் பெட்டி பாதை பிரியும் இடத்தில் தடம் புரள்கிறது.

பதில்: ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையிலான இடைவெளியை அளவியால் பாருங்கள், ஏறத்தாழ 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

கேள்வி: என்னுடையதும் அதே இடத்தில்தான் தடம் புரள்கிறது.

பதில்: மேலே உள்ள விடையைப் படியுங்கள்.

கேள்வி: பழைய என்ஜினுக்கு என்ன விலை கிடைக்கும்?

பதில்: அது என் துறையன்று, சேகரிப்பாளர்களைக் கேளுங்கள். விற்குமுன் சட்டத்தில் விரிசல் உண்டா என்று பார்த்து, இருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.