சிரித்தவள் ஏன் எழுந்து போனாள்?

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். போன வாரம் என் மகன் பிறந்தநாளில் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். எல்லோரும் பூரித்துப்போனோம். சட்டென்று எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். எப்போதும் சோகப் பாட்டுதான் கேட்கிறாள். குணமாக அவளுக்கே விருப்பமில்லையோ?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அப்படி முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் பாட்டு. 2015-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் படங்களையும் இசையையும் தந்து தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, மனச்சோர்வு உள்ளவர்கள் சோகமானவற்றை மற்றவர்களைவிட அதிகம் நாடினார்கள். "அதைத்தானே நானும் சொல்கிறேன்" என்பீர்கள். பொறுங்கள். பின்னர் அமெரிக்காவில் இன்னோர் ஆய்வில் காரணம் கேட்டார்கள். அந்த இசை மனதை அமைதிப்படுத்துகிறது என்பதே முக்கியமாக வந்த பதில்.

அடுத்தது சிரிப்பு. மனச்சோர்வில் சிலருக்குச் சந்தோஷமே வராது. உங்கள் தங்கைக்கு வருகிறது. ஆனால் கூடவே பயமும் வருகிறதோ என்று தோன்றுகிறது. மிஷெல் நியூமன், சாண்ட்ரா லெரா என்ற உளவியலாளர்கள் 2011-ல், ஓயாமல் கவலைப்படுபவர்களைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார்கள். சந்தோஷத்திலிருந்து திடீரென்று துக்கத்துக்குச் சரிவதை அவர்களால் தாங்க முடியாது. அதனால் முன்கூட்டியே மனதைத் தாழ்வாக வைத்துக்கொள்கிறார்கள். தரையில் படுத்திருப்பவர் கீழே விழ முடியாதல்லவா? மனச்சோர்வு உள்ளவர்களிலும் சிலர் இப்படித்தான். "எனக்கு இதற்குத் தகுதி இருக்கிறதா?" என்ற குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். "ரொம்பச் சிரிக்காதே, அப்புறம் அழுவே" என்று சொல்லித்தானே நம் வீட்டுப் பெண்களை வளர்க்கிறோம்!

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் சிரித்ததும் வீடே அவளைத் திரும்பிப் பார்த்திருக்கும். "பாரேன், சரியாயிட்டா" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். நாளைக்கும் சிரித்தாக வேண்டும் என்ற பாரம் அந்த நொடியிலேயே ஏறிவிடும்.

ஆகவே சிரித்தால் கண்டுகொள்ளாமல் இருங்கள். கொடைக்கானல் டூர் எல்லாம் இப்போது வேண்டாம். காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்காரவையுங்கள், மாலையில் சும்மா மொட்டை மாடிக்குக் கூப்பிடுங்கள். எழுந்து போனால் விட்டுவிடுங்கள். பிறகு தனியாக, "அன்னைக்கு என்னம்மா தோணுச்சு?" என்று ஒருமுறை கேட்கலாம்.

அவள் சம்மதித்தால், சிரித்துவிட்டு ஒதுங்குவதை அடுத்த முறை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். நல்ல உணர்வுகளைத் தாங்கப் பழக்கும் பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் ஏதாவது சொன்னால் தனியே விடாதீர்கள். உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.