சென்னையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கலாமா?

கேள்வி: நானும் மனைவியும் ஊர் ஊராகத் தங்கி லேப்டொப்பில் வேலை செய்கிறவர்கள். அடுத்து சில மாதம் கொழும்பு. எங்கே தங்குவது, எதைக் கவனிப்பது?

பதில்: முதலில் விசா. சுற்றுலா விசாவில் வந்து இங்குள்ள கம்பெனியில் சம்பளத்துக்குச் சேர முடியாது. உங்கள் ஒன்லைன் வேலைக்கு எது பொருந்தும் என்று குடிவரவுத் திணைக்களத்திடம் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். தமிழிலேயே காலம் தள்ள வெள்ளவத்தைதான் வசதி, காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் (சந்துகளில்) தேடுங்கள். ஆனால் கடல் தெரிகிற அறை என்று மயங்கி உடனே முற்பணம் கொடுத்துவிடாதீர்கள், ரயில் கரையோரமாகவே ஓடுகிறது, மீட்டிங் நடுவில் ஹோர்ன் அடித்தால் நீங்கள் ஸ்டேஷனில் நிற்பதாகத்தான் எதிரே இருப்பவர் நினைப்பார் (எனக்கு நடந்தது). நேர வித்தியாசம் இல்லை, அது ஒரு நிம்மதி. கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டைக்கு 100, 101 பஸ். பௌர்ணமிக்குப் பௌர்ணமி போயா விடுமுறை, இறைச்சிக்கடை பூட்டியிருக்கும், முதல்நாளே வாங்கி வையுங்கள். அப்புறம், கடையில் பிரெட் என்று கேட்காதீர்கள், பாண் என்று கேளுங்கள். மாலையில் அதே பாண் பியானோ மெட்டோடு ஓட்டோவில் உங்கள் ஒழுங்கைக்கே வரும்.