ஆர்வி வாழ்க்கையில் நாய் லைசன்ஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நானும் கணவரும் அமெரிக்காவில் ஏழாவது ஆண்டாக ஆர்வியிலேயே, அதாவது வீடு போல வசதி உள்ள மோட்டார் ஹோம் வண்டியிலேயே வாழ்கிறோம். கூடவே சீனி, மிளகு என்று இரண்டு நாய்கள். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவமனை ஒன்றின் முன்மேசையில் வேலை பார்த்தேன். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசிச் சான்றிதழ், கவுண்டியிடம், அதாவது மாவட்ட நிர்வாகத்திடம், நாய்க்கு எடுக்கும் லைசன்ஸ் விண்ணப்பம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். போன வாரம் இந்தக் குழுவில் "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். வந்ததில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, வீட்டை விற்றுவிட்டு முழுநேரமும் ஆர்விதான் என்று முடிவு செய்துவிட்டோம். சவுத் டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா என்று மூன்று பெயரையே எல்லோரும் சொல்கிறார்கள். நாய் வைத்திருப்பவர்களுக்கு எது வசதி?

டொமிசைல் என்பது, அதாவது சட்டப்படி உங்கள் சொந்த மாநிலம் என்பது, உங்களுக்குத்தான். நாய்க்கு அப்படி ஒன்று கிடையாது. அது ராத்திரி எந்த ஊரில் படுத்துத் தூங்குகிறதோ, அந்த ஊர் விதிதான் அதற்கு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

உங்களுக்கான மாநிலத்தைப் பார்ப்போம். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. தபாலை வாங்கி, நீங்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கும் சேவைகளும் மூன்றிலும் உண்டு. சவுத் டகோட்டாவில் ஓட்டுநர் உரிமம் எடுக்க, கடந்த ஓராண்டுக்குள் அங்கே ஓர் இரவாவது தங்கியதற்கான ரசீது வேண்டும். கேம்ப்கிரவுண்ட், ஓட்டல் எதுவானாலும் சரி. கூடவே பயணிகளுக்கென்று ஓர் உறுதிமொழிப் படிவம். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் 2023-ல் வாக்காளர் பதிவுக்கு 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்று சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். ஓட்டுப் போடுவது முக்கியம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துவிட்டு இறங்குங்கள்.

டெக்சாஸ் என்றால் பலரும் போவது லிவிங்ஸ்டன். 1978-ல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் ஆர்வி கிளப்பின் தலைமையிடம் அங்கேதான், தபால் சேவையும் அவர்களே நடத்துகிறார்கள். 2025 ஜனவரியிலிருந்து சொந்த வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் பாதுகாப்புச் சோதனையை டெக்சாஸ் நீக்கிவிட்டது. தூரத்தில் சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஃப்ளோரிடாவில் கவுண்டி நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் "இதுதான் என் டொமிசைல்" என்று ஓர் அறிவிப்பைப் பதிவு செய்துவிடலாம்.

நாயை வைத்து இந்த மூன்றில் தேர்ந்தெடுக்காதீர்கள். 65 வயதுக்குக் கீழே இருந்தால் மருத்துவக் காப்பீட்டை வைத்துத் தேர்ந்தெடுங்கள். எந்தக் காப்பீடு கிடைக்கும் என்பதை உங்கள் கவுண்டிதான் தீர்மானிக்கிறது.

எங்கள் தபால் முகவரி இருக்கும் ஊரில் கூப்பிட்டுக் கேட்டால், "இங்கே நாய் லைசன்ஸே கிடையாது" என்கிறார்கள். அப்புறம் எங்கே வாங்குவது?

அந்த ஊரில் இல்லையென்றால் இல்லைதான், கவலைப்படாதீர்கள். நாய் லைசன்ஸ் மத்திய அரசு விஷயம் இல்லை. பென்சில்வேனியா, நியூயார்க் போன்ற இடங்களில் மாநிலச் சட்டமே கேட்கிறது. டெக்சாஸில் ரேபிஸ் ஊசி மட்டும் மாநிலச் சட்டம், குட்டிக்கு 16 வாரம் ஆவதற்குள் போட்டாக வேண்டும். லைசன்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பது அந்தந்த ஊர் பாடு. டாலஸ் நகரம் 2017-ல் லைசன்ஸை விட்டுவிட்டு, நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியது.

உங்கள் ஊர் அனிமல் கன்ட்ரோல் (விலங்குக் கட்டுப்பாடு) அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "லைசன்ஸ் தேவையில்லை" என்ற பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் வீட்டு முகவரியைப் போட்டு வேறு கவுண்டியில் வாங்குகிற வேலை மட்டும் வேண்டாம். பிரச்சினை என்று வரும்போது அந்தப் பொய் முகவரிதான் முதலில் கண்ணில் படும்.

குளிருக்கு அரிசோனா குவார்ட்ஸ்சைட்டில் மூன்று மாதம் தங்கப் போகிறோம். சும்மா கேம்ப்பிங்தானே, நாய்க்கு அங்கே லைசன்ஸ் வேண்டுமா?

வேண்டும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டது இது.

அரிசோனா சட்டப்படி, மூன்று மாத வயது நிறைந்த எந்த நாயும் ஆண்டில் தொடர்ந்து 30 நாள் மாநிலத்துக்குள் இருந்தால் லைசன்ஸ் எடுக்க வேண்டும். அங்கே அரசு நிலத்தில் உள்ள நீண்டகால முகாம்களின் சீசன் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. அதற்காகவே வருகிற நமக்கு 30 நாள் எப்போது தாண்டியது என்றே தெரியாது.

எங்கள் இரண்டாவது குளிர்காலம். அரிசோனாவில் 40 நாளுக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்து வண்டிக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒருவர், சீனியின் வாய்க்குக் கீழே கிடந்த பந்தை எடுக்கக் குனிந்தார். ஒரே நொடி. முன்கையில் இரண்டு பல் பதிந்த புள்ளி, ரத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவர் நல்ல மனிதர், கோபிக்கவே இல்லை. ஆனால் காயத்தைக் காட்ட கிளினிக் போனார். நாய்க்கடி என்றால் கிளினிக் தகவல் கொடுத்தாக வேண்டும். மறுநாள் காலை கவுண்டி ஆள் வந்துவிட்டார்.

முதலில் ரேபிஸ் சான்றிதழ் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அடுத்து லைசன்ஸ் கேட்டார். இல்லை. எப்போது அரிசோனாவுக்குள் வந்தீர்கள் என்றார். உண்மையைச் சொன்னேன்.

கடித்த நாயை 10 நாள் தனியாக வைத்துப் பார்ப்பது எங்குமே நடைமுறைதான். அந்த 10 நாளுக்குள் நாய் நன்றாகவே இருந்தால், கடித்த சமயத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று பொருள். அரிசோனாவில் ஊசியும் லைசன்ஸும் இரண்டும் இருக்கும் நாயை மட்டும், அதிகாரி சம்மதித்தால், நம் இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 10 நாளும் நான் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சீனி உட்காராமல் நின்றுகொண்டே இருப்பாள். நான் கிளம்பும்போது குரைக்கவும் மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தக் கவுண்டியில் ரேபிஸ் சான்றிதழைக் காட்டி லைசன்ஸ் எடுக்க அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஆகவே குவார்ட்ஸ்சைட் போய்ச் சேர்ந்த முதல் வாரமே அந்த ஊர் இருக்கும் லா பாஸ் கவுண்டியில் விசாரித்து எடுத்துவிடுங்கள். கருத்தடை செய்த நாய்க்குக் கட்டணம் குறைவு, அந்தச் சான்றையும் கொண்டு போங்கள்.

மற்ற மாநிலங்களிலும் இதே 30 நாள் கணக்குதானா?

எல்லா இடத்திலும் இல்லை, சில இடங்களில் உண்டு. நியூயார்க், பென்சில்வேனியா இரண்டும் வெளிமாநில லைசன்ஸ் உள்ள நாயை 30 நாள் வரை விட்டுவிடுகின்றன. எங்கேயாவது ஒரு மாதத்துக்கு இடம் பதிவு செய்தால், அன்றைக்கே அந்தக் கவுண்டி அனிமல் கன்ட்ரோலைக் கூப்பிட்டுக் கேட்பது என் வழக்கம். நாள்காட்டியில் 25-ஆம் நாளில் ஒரு குறியும் போட்டு வைப்பேன்.

மூன்று ஆண்டுக்கான ரேபிஸ் ஊசி போட்டோம். டாக்டர் ஓராண்டு என்று சான்றிதழ் தந்திருக்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை. முதல் ஊசி எந்த வகையானாலும் ஓராண்டுதான் செல்லும். அடுத்த ஆண்டு கெடு தாண்டாமல் போட்டால் மூன்றாண்டுச் சான்றிதழ் கிடைக்கும். முதல் ஊசி போட்டு 28 நாள் கழித்துத்தான் பாதுகாப்பு வந்ததாகக் கணக்கு. அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஓடிப்போய்ப் போடாதீர்கள்.

சான்றிதழில் தடுப்பூசி தயாரித்த நிறுவனம், அதன் வரிசை எண், டாக்டரின் உரிம எண், கையெழுத்து, மைக்ரோசிப் எண் எல்லாம் இருக்கிறதா என்று வெளியே வரும் முன்பே பாருங்கள். உங்கள் முகவரி ஓட்டுநர் உரிமத்தில் இருப்பதாகவே இருக்கட்டும். கழுத்தில் தொங்கும் டேக் மட்டும் சான்றாகாது, தாள் வேண்டும்.

கடித்தது சரி. நம் நாயை ஏதாவது கடித்தால்? போன மாதம் கேம்ப்கிரவுண்டில் ஒரு ரக்கூனோடு எங்கள் நாய்ப்பையன் மல்லுக்கு நின்றுவிட்டான்.

உடனே டாக்டரிடம் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரக்கூன், ஸ்கங்க், வௌவால், நரி இந்த நான்கும்தான் இங்கே ரேபிஸைச் சுமப்பவை. ஊசி கெடுவுக்குள் இருந்தால், மறு ஊசி போட்டுவிட்டு 45 நாள் வீட்டிலேயே கண்காணிக்கச் சொல்வார்கள். ஊசியே போடாத நாய் என்றால் கருணைக்கொலை, அல்லது 4 மாதம் கடும் தனிமை. ஆர்வியில் இருப்பவர்கள் நான்கு மாதம் நாயை எங்கே விடுவது? கெடு தாண்டிவிட்டாலும் முன்பு போட்டதற்கான பழைய சான்றிதழ் கையில் இருந்தால் பெரும்பாலும் ஊசி போட்ட நாயைப் போலவே நடத்துவார்கள். பழைய சான்றிதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

வயதான நாய். ஊசிக்குப் பதிலாக ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தியைக் காட்டினால் போதுமா?

லைசன்ஸுக்குப் பொதுவாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் டாக்டர் எழுதிக் கொடுத்து மருத்துவ விலக்கு வாங்கலாம். ஆனால் விலக்கு வாங்கிய நாய் சட்டத்தின் கண்ணில் ஊசி போடாத நாய்தான்.

எங்களுடையது பிட்புல். எந்த ஊரைத் தவிர்க்க வேண்டும்?

முன்பைவிட இப்போது எவ்வளவோ பரவாயில்லை. டென்வரில் பிட்புல் இனத்துக்கு 1989 முதல் இருந்த தடையை 2020 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு நீக்கினார்கள். ஆனால் அங்கே குடியிருக்கத் தனி அனுமதி வேண்டும். மயாமி-டேட் தடையும் 2023-ல் ஃப்ளோரிடா மாநிலச் சட்டத்தால் போய்விட்டது. கனடாவின் ஒன்டாரியோவில் 2005-லிருந்து தடை இருக்கிறது. நயாகராவை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று அவனோடு எல்லை தாண்டிவிடாதீர்கள். தனியார் ஆர்வி பார்க்குகள் தங்கள் விருப்பப்படி இனத்தடை வைக்கலாம், அதனால் பதிவு செய்யும் முன் கேளுங்கள். ஆர்வி காப்பீட்டுத் தாளில் நாய்க்கடி சேர்ந்திருக்கிறதா, இனவிலக்கு உண்டா என்பதையும் படியுங்கள். கலிஃபோர்னியாவில் நாய் முதல்முறை கடித்தாலும் உரிமையாளர்தான் பொறுப்பு.

கனடாவில் பான்ஃப் போய்விட்டுத் திரும்பி வர என்ன வேண்டும்?

போக, ரேபிஸ் சான்றிதழ். வர, 2024 ஆகஸ்ட் 1 முதல் சிடிசி (அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம்) விதி: நாய்க்கு 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், சிடிசி இணையப் படிவத்தை நிரப்பிய ரசீது வேண்டும். படிவம் இலவசம், நாயின் படம் கேட்கும். கனடா மட்டும் என்றால் அந்த ரசீது 6 மாதம் செல்லும். குட்டியோடு போனவர்கள் 6 மாதம் ஆகும்வரை திரும்பவே முடியாது, அதை மறக்காதீர்கள்.

சென்னையிலிருந்து அம்மா அப்பா நாயைக் கூட்டிவருவது பற்றி இருவர் கேட்டிருந்தீர்கள். இந்தியா ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால் அதற்கு விதிகள் வேறு, பல மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை. தனியாக எழுதுகிறேன்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன், முழு ரிமோட் வேலை. ஆர்வியில் சுற்றலாமா அக்கா?

தம்பி, இதில் நாயைவிட உங்கள் விசாதான் முக்கியம். எச்-1பி மனுவில் வேலை செய்யும் இடம் என்று ஒன்று எழுதியிருக்கும். அந்தப் பெருநகரப் பகுதிக்கு வெளியே மாறினால் நிறுவனம் திருத்த மனு போட வேண்டும் என்று 2015-லேயே முடிவாகிவிட்டது. விடுமுறையில் சுற்றுவது வேறு, மாதத்துக்கொரு மாநிலத்திலிருந்து வேலை பார்ப்பது வேறு. வழக்கறிஞரைக் கேட்காமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் முகவரி மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் போடுவது இருவருக்குமே கட்டாயம்.

ஆன்லைனில் "சர்வீஸ் டாக்" அட்டை விற்கிறார்கள். வாங்கினால் லைசன்ஸ் வேண்டாமாமே?

வாங்காதீர்கள். சர்வீஸ் நாய்களுக்கென்று, அதாவது உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவப் பழக்கிய நாய்களுக்கென்று, மத்திய அரசுப் பதிவேடே கிடையாது, அந்த அட்டைக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. உண்மையான சர்வீஸ் நாய்க்கும் உள்ளூர் லைசன்ஸும் ஊசியும் உண்டு. கண் தெரியாதவரோடு வரும் நாயைக் கடைக்காரர் சந்தேகமாகப் பார்க்கிறார் என்றால், இந்த அட்டைகள்தான் காரணம்.

மைக்ரோசிப் இருக்கிறதே, அது போதாதா?

சிப்பில் இருப்பது எண் மட்டும்தான். உங்கள் பெயரும் ஃபோன் நம்பரும் பதிவு நிறுவனத்தின் கணக்கில் இருக்கும். போன ஆண்டு எங்கள் முகாமுக்குள் ஒரு கிழட்டு பீகிள் அலைந்து வந்தது. ஸ்கேன் செய்தால் ஒஹாயோவில் விற்றுவிட்ட வீட்டின் லேண்ட்லைன் நம்பர், அது துண்டிக்கப்பட்டிருந்தது. அதன் வீட்டுக்காரர்கள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு முகாமில் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதன் காலரில் மார்க்கரால் எழுதின ஒரு செல் நம்பர் பாதி அழிந்திருந்தது. அதை ஊகித்து ஊகித்துக் கூப்பிட்டுத்தான் அவர்களைப் பிடித்தோம். இன்றைக்கே சிப் கணக்கைத் திறந்து, செல் நம்பரும், உங்களோடு பயணம் செய்யாத உறவினர் ஒருவரின் நம்பரும் போட்டுவிடுங்கள்.