எண்பது வயது அப்பாவிடமிருந்து கட்டுமான நிறுவனத்தை எப்படிக் கைமாற்றுவது?

கேள்வி: அப்பாவுக்கு 80 வயது. ஐம்பது வருடமாகக் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டும் நிறுவனம் நடத்துகிறார். டெண்டர் விலை, பேங்க், மேஸ்திரிகள் எல்லாம் அவர் கையில். நானும் தங்கையும் சைட்டைப் பார்க்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

பங்கை யார் பெயருக்கு எழுதுவது என்ற பேச்சில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தொடங்குகின்றன. இந்தத் தொழிலில் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். உங்கள் அப்பாவின் கையெழுத்து எந்தெந்தத் தாளில் நிற்கிறது என்று கணக்கெடுப்பதுதான் முதல் வேலை. காண்ட்ராக்டருக்கு மிக்ஸரும் லாரியும் சின்னச் சொத்து. அவர் பெயரை நம்பி பேங்க் கொடுக்கும் கேரண்டிதான், அதாவது வேலையை முடிக்காவிட்டால் வேலை கொடுத்தவருக்குப் பணம் தருவோம் என்ற பேங்கின் உறுதிதான், பெரிய சொத்து. அது நின்றுபோனால் கையில் இருக்கும் வேலையை எப்படியாவது முடித்துவிடலாம், அடுத்த டெண்டர் போட முடியாது.

ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். கேரண்டி எண், எந்த வேலைக்கு, தொகை, முடியும் தேதி, கேரண்டிக்காக பேங்க் பிடித்துவைத்திருக்கும் முன்பணமான மார்ஜின், அடமானத்தில் உள்ள சொத்து, தனிப்பட்ட ஜாமீன் போட்டது யார் என்று ஏழு கட்டம். கடைசிக் கட்டத்தில் அப்பா பெயர் மட்டுமே வரிசையாக வந்தால் ஆபத்து அங்கேதான். ஜாமீன்தாரர் இறந்துவிட்டால் பேங்க் புதிய கேரண்டி தருவதை நிறுத்தி வைக்கலாம். அந்த நேரத்தில் ஒரு வேலைக்குக் கால நீட்டிப்பு வந்து, கேரண்டியையும் நீட்டிக்க வேண்டியிருந்தால் சிக்கல். நீட்டிக்காத கேரண்டியை, வேலை கொடுத்தவர் பணமாகக் கேட்டுவிடலாம்.

இதற்கு வழி, கேரண்டி வரம்பை பேங்க் வருடாவருடம் புதுப்பிக்கும்போது உங்களையும் தங்கையையும் கூட்டு ஜாமீனாகச் சேர்ப்பது. முதல் புதுப்பிப்பில் மூவர் பெயரும் இருக்கட்டும். உங்கள் கையெழுத்தில் போன வேலைகள் நல்லபடி முடிந்ததைக் காட்டிய பிறகு, இரண்டாவது அல்லது மூன்றாவது புதுப்பிப்பில் அப்பாவை விடுவிக்கக் கேளுங்கள். ஒரே நாளில் மாற்றச் சொன்னால் பேங்க் தயங்கும். வேலை முடிந்த பழைய கேரண்டிகளின் அசலை வாங்கி பேங்கில் திருப்பிக் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். அசல் திரும்பாததால் மார்ஜின் பணம் சும்மா மாட்டிக்கிடப்பது சகஜம்.

கேரண்டி போன்ற பிணையின் கனத்துக்கு அமெரிக்காவின் ஹூவர் அணை நல்ல சாட்சி. 1931ல் டெண்டரில் வென்ற விலை சுமார் 4 கோடியே 89 லட்சம் டாலர். அதற்குக் கட்ட வேண்டிய பிணை 50 லட்சம் டாலர். தனி ஒரு காண்ட்ராக்டரால் முடியாததால்தான் பல நிறுவனங்கள் சேர்ந்து 'சிக்ஸ் கம்பெனீஸ்' என்ற கூட்டை அமைத்தார்கள். அதன் தலைவராக இருந்த வாரன் பெக்டெல் 1933ல் மாஸ்கோவில் திடீரென இறந்தார். அணை வேலை நிற்கவில்லை. பிணை ஒருவர் தலையில் இல்லை, சைட்டில் பிராங்க் குரோ என்ற அனுபவசாலி எல்லா முடிவும் எடுக்கும் அதிகாரத்தோடு இருந்தார். 1936ல், ஒப்பந்தக் கெடுவுக்கு இரண்டு வருடத்துக்கும் முன்பே, அணையை ஒப்படைத்தார்கள்.

அடுத்தது ரேட், அதாவது டெண்டருக்கு விலை போடுவது. கைமாற்றுவதில் மிகக் கடினமானது இதுதான். அப்பா மனசுக்குள் போடும் கணக்கு எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. சரக்குக் கணக்கு யாருக்கும் வரும்: 1:1.5:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒரு கன மீட்டர் காங்கிரீட்டுக்கு 50 கிலோ சிமெண்ட் 8 மூட்டை, மணல் 0.42 கன மீட்டர், ஜல்லி 0.84 கன மீட்டர். பிழை வருவது சென்டரிங்கில், அதாவது காங்கிரீட்டைத் தாங்க அடிக்கும் பலகை வேலையில். ஒரு தூணை எடுத்துக்கொள்ளுங்கள்: 300க்கு 450 மில்லிமீட்டர், உயரம் 3 மீட்டர். காங்கிரீட் 0.405 கன மீட்டர்தான், ஆனால் பலகை அடிக்க வேண்டிய பரப்பு 4.5 சதுர மீட்டர். அதாவது ஒரு கன மீட்டருக்கு 11 சதுர மீட்டர். 150 மில்லிமீட்டர் தளத்துக்கு அடிப்பரப்பு மட்டும் பார்த்தால் 6.7 சதுர மீட்டர். கட்டடம் முழுதுக்கும் அடியில் ஒரே பலகைபோல் போடும் கனமான ராஃப்ட் அடித்தளத்துக்கு ஓரப் பலகை மட்டும் போதும். இளையவர்கள் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு சராசரி ரேட் போட்டுவிடுவார்கள். தூண் நிறைந்த கட்டடத்தில் அந்த டெண்டர் நஷ்டம்தான். பிளைவுட் 10 முறை வரும் என்று போட்டு, சைட்டில் கழற்றும்போது ஓரம் உடைந்து 6 முறைதான் வந்தால், பலகைச் செலவு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். எந்த மேஸ்திரி கையில் பலகை எத்தனை முறை உழைக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அதை எழுதி வாங்குங்கள்.

எழுதச் சொன்னால் எந்தப் பெரியவரும் எழுத மாட்டார், 'அது தானா வரும்' என்பார். எனவே இப்படிச் செய்யுங்கள். வரப்போகும் டெண்டர் ஒன்றுக்கு அப்பாவும் நீங்களும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் காட்டாமல் விலை போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, 5 சதவீதத்துக்கு மேல் விலகும் ஒவ்வொரு வரியையும் எடுத்து 'ஏன்' என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் வரைபடத்தில் இருக்காது: லாரி திரும்ப இடமில்லை, நிலத்தடி நீர் இறைக்க வேண்டும், அந்தக் கன்சல்டன்ட் பில்லைச் சரிபார்க்க இரண்டு மாதம் இழுப்பார். தங்கை அதைக் குறிப்பெடுக்கட்டும். பத்து டெண்டர் இப்படிப் போட்டால் விலகல் குறைவது கண்ணுக்குத் தெரியும். குறையாத வரி எதுவோ அதில்தான் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது.

மேஸ்திரிகள் விஷயம் சுருக்கமானது. வாய்வார்த்தையாகக் கொடுத்த அட்வான்ஸ், 'அடுத்த வேலையில் பார்த்துக்கலாம்' என்று சொன்ன பாக்கி, எல்லாவற்றையும் அப்பா உயிரோடு இருக்கும்போதே அவர்களை உட்கார வைத்து எழுதி, இருவர் கையெழுத்தும் வாங்குங்கள். பிறகு 'இனி சைட்டில் இவர்கள் சொன்னதுதான்' என்று அவர்கள் எதிரில் சொல்ல வேண்டியவர் அப்பா. சொன்ன பிறகும் மேஸ்திரி அவருக்குப் போன் செய்வார். 'பிள்ளைங்ககிட்ட கேளு' என்று அவர் வைத்துவிட்டால் கைமாற்றம் நடக்கும். ஒருமுறை பதில் சொல்லிவிட்டால் உங்கள் வார்த்தைக்கு சைட்டில் மதிப்பு போயிற்று.

செக் அதிகாரத்தைப் படிப்படியாக வாங்குங்கள். முதல் ஆறு மாதம் கூலி, பிறகு சரக்கு ஆர்டர், பிறகு சப் காண்ட்ராக்ட், பிறகு ஒரு வரம்பு வரை டெண்டர். கேரண்டியில் அப்பா இல்லாமல் கையெழுத்திடுவது கடைசி. முன்பு சொன்ன வாரன் பெக்டெலின் பேரன் ஸ்டீபன் பெக்டெல் ஜூனியர் 1925ல் பிறந்தவர். 1960ல் தலைவரானார், 1990ல் மகன் ரைலியிடம் தலைமையைக் கொடுத்தார், 2021ல் 95 வயதில் இறந்தார். கொடுத்த பிறகு 30 வருடம் உயிரோடிருந்தார். மகன் தடுமாறினால் கேட்க ஆள் இருந்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் இல்லை, அதனால் இந்த வருடமே தொடங்குங்கள்.

தங்கையைப் பற்றி ஒன்று. 578ல் தொடங்கிய ஜப்பானின் கோங்கோ குமி, கோயில் கட்டும் குடும்பம். மூத்த மகனுக்கே பொறுப்பு என்று அவர்கள் கட்டிக்கொள்ளவில்லை. திறமையான மருமகன் குடும்பப் பெயரை ஏற்று தலைவரானதுண்டு. 1930களில் கணவர் இறந்தபின் யோஷியே என்ற பெண்மணி பொறுப்பேற்று நடத்தினார். உங்கள் வீட்டில் விலை போடுவதில் யார் கூர்மையோ அவருக்கு டெண்டரைக் கொடுங்கள்.

கோங்கோ குமியைச் சாய்த்தது கட்டட வேலை மட்டும் அல்ல. 1980களின் நில விலை ஏற்றத்தில் கடனோடு நிலத்தில் இறங்கியதன் சுமை தாங்காமல் 2006ல் வேறொரு நிறுவனத்தின் கீழ் போனது. ஆகவே அப்பா பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ உள்ள மனைகளைக் காண்ட்ராக்ட் கணக்கிலிருந்து பிரித்துவிடுங்கள். காண்ட்ராக்டில் பணம் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். 100க்கு பில் போட்டால் செலவு 92, லாபம் 8 என்று வையுங்கள். வேலையில் குறை வந்தால் என்று வேலை கொடுத்தவர் பில்லில் பிடித்துவைக்கும் ரிட்டென்ஷன் 10 என்றால் கைக்கு வருவது 90. லாபம் முழுதும் வெளியே நிற்கிறது, கையிலிருந்து இன்னும் 2 போட்டிருக்கிறீர்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம், வழக்கமாக ஒரு வருடம், முடிந்தால்தான் மிச்சம் வரும். வாரிசுகளுக்குள் பிரிக்கும்போது இந்த ரிட்டென்ஷனையும் கையிருப்பு மாதிரி எண்ணி ரொக்கமாகக் கேட்டால், அடுத்த வாரக் கூலிக்குப் பணம் இருக்காது. வேலைவாரியாக எவ்வளவு ரிட்டென்ஷன் நிற்கிறது, எந்தத் தேதியில் விடுபடும் என்ற தாளை கேரண்டித் தாளோடு சேர்த்து ஒரே கோப்பில் வைத்து, மாதம் ஒருமுறை அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள்.