பென்ரின் பிரபு: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பென்ரின் பிரபு ரிச்சர்ட் பென்னன்ட் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். வடக்கு வேல்ஸில் சாலை போட்டவர், துறைமுகம் அமைத்தவர், பென்ரின் கோட்டையைக் கட்டியவர். அவரைப்போய் 'அடிமை முதலாளி' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களே? அன்றைக்கு எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள்?

கே.

அன்புள்ள கே.,

சாலையும் துறைமுகமும் உண்மைதான். ஆன் வார்பர்ட்டனை மணந்ததில் பென்ரின் நிலத்தில் பாதி அவர் குடும்பத்துக்கு வந்தது. மீதியை விலைக்கு வாங்கினார். பெதெஸ்டா அருகே ஆளாளுக்குக் குத்தகை எடுத்துத் தோண்டிக்கொண்டிருந்த ஸ்லேட் (கூரை வேயும் பலகைக்கல்) குழிகளை 1782இல் தன் கைக்குள் கொண்டுவந்தார். 1801இல் குவாரியிலிருந்து துறைமுகத்துக்குக் குதிரைகள் இழுக்கும் தண்டவாளமும் வந்துவிட்டது. கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் இதற்கெல்லாம் மூலதனம்? பெரும்பகுதி ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்கள் தந்தது. அந்தத் தோட்டங்களை அவர் கடிதம் எழுதியே நடத்தினார். மாடுகளையும் நீக்ரோக்களையும் அளவுக்கு மீறி வேலை வாங்க வேண்டாம் என்று ஏஜெண்டுக்கு எழுதியிருக்கிறார். இதைக் கருணைக்கு அத்தாட்சியாகக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கோ அந்த வரிசைதான் உறுத்துகிறது. மாடு முதலில்.

'எல்லோரும்' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடிமை வணிகத்தை எதிர்த்து மான்செஸ்டரில் பத்தாயிரம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். பென்னன்ட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தொகுதி லிவர்பூல்; அடிமைக் கப்பல்களால் கொழுத்த ஊர். அங்கேயே வில்லியம் ராஸ்கோ எதிர்த்துக் கவிதை எழுதினார். 1789 மே மாதம் வில்பர்ஃபோர்ஸ் பொதுச்சபையில் (நாடாளுமன்றக் கீழவையில்) அடிமை வணிகத்தை எதிர்த்துப் பேசியபோது பென்னன்டும் விவாதத்தில் இருந்தார். (1783இல் கிடைத்த பிரபு பட்டம் அயர்லாந்துடையது, அதனால்தான் பிரபுவான பிறகும் பொதுச்சபையில் உட்கார முடிந்தது.) எழுந்து அவர் சொன்ன பதில்: வணிகத்தை ஒழித்தால் ஏழு கோடி பவுண்டு சொத்து அடிபடும். எதிர்வாதம் காதில் விழாத அப்பாவி அல்ல அவர். கேட்டார், கணக்குப் பார்த்தார், மறுத்தார். நான் அவரை நிறுத்தது அவர் காலத்துத் தராசில்தான்.

கோட்டை விஷயத்தில் ஒரு திருத்தம். இன்று பயணிகள் பார்க்கும் கோட்டை அவர் கட்டியதல்ல. 1808இல் அவர் பிள்ளையின்றி இறந்தபின் சொத்து உறவினர் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸுக்குப் போனது. 1820 வாக்கில் கட்டத் தொடங்கியவர் அவர். அடிமை முறை ஒழிந்தபோது அரசு 764 அடிமைகளுக்காக 14,683 பவுண்டு இழப்பீடு கொடுத்ததும் அவருக்குத்தான். அந்த 764 பேருக்கு ஒரு காசு கிடையாது.