வீட்டுக்காரர் சுவருக்கு உங்கள் ஆர்.டி. எதற்கு?

கேள்வி: தர்மபுரியில் பென்னாகரம் சாலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இரண்டு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 7,500 ரூபாய், அட்வான்ஸ் 50,000. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் மூன்று மாதமாக ஓதம் ஏறிக் காரை உதிர்கிறது. சுவரோரம் கிடந்த இலவம்பஞ்சு மெத்தை பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. போர் மோட்டார் எங்கள் மீட்டரில்தான் ஓடுகிறது. கடைசி மின்கட்டணம் 800 ரூபாய் கூடுதலாக வந்தது. பழுது பார்க்க 14,000 ஆகும் என்கிறார் பிளம்பர். பெங்களூரில் இருக்கும் வீட்டுக்காரரோ, "குடியிருக்கிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்கிறார். மாதம் 2,000 வீதம் 26 மாதமாகக் கட்டிவரும் அஞ்சலக ஆர்.டி.யை முடித்துவிடலாமா, நகையை அடகு வைக்கலாமா?

பதில்: ஆர்.டி.யை நீங்கள் நினைத்தாலும் இப்போது முடிக்க முடியாது, அம்மா. அஞ்சலக ஆர்.டி.யை இடையில் முடிக்கக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டும். அப்போதும் சேமிப்புக் கணக்கின் 4% வட்டிதான் கிடைக்கும். நகைப் பெட்டியையும் திறக்க வேண்டாம். 14,000 ரூபாயைவிடப் பெரிய தொகை ஒன்று ஆபத்தில் இருக்கிறது: உங்கள் அட்வான்ஸ் 50,000. நாளை வீட்டைக் காலி செய்யும்போது, "சுவரைக் கெடுத்தது நீங்கள்" என்று வீட்டுக்காரர் அதில் கை வைத்தால் உங்களிடம் காட்ட என்ன இருக்கிறது? முதலில் அதற்கு வழி பார்ப்போம்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் செலவு யாருடையது என்று சொல்ல முடியும். இரவு பத்து மணிக்கு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மொட்டை மாடித் தொட்டிக்குள் ஒரு நீளக் குச்சியை விட்டு, ஈரம் பட்ட உயரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். மோட்டாரைத் தொடாமல் காலை ஆறு மணிக்கு மறுபடி அளந்து பாருங்கள். 1,000 லிட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் ஏறக்குறைய 9 லிட்டர் எங்கோ போயிருக்கிறது. கீழ்வீட்டுக்கும் அதே தொட்டி என்றால் அவர்களிடமும் சொல்லி மூடச் சொல்லுங்கள். மட்டம் இறங்கி, சுவரும் நசநசவென்றே இருந்தால் சுவருக்குள் போகும் பைப்பில்தான் பழுது. மட்டம் அப்படியே இருந்து, குளித்த நாளில் மட்டும் ஈரம் கூடினால் கழிவுநீர் போகும் வழியையோ டைல்ஸ் இடுக்கையோ சந்தேகிக்க வேண்டும். ஒகேனக்கல் தண்ணீர் வந்த பிறகும் குளிக்க, துவைக்கப் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அந்த உப்பு பழைய இரும்பு பைப்பின் எல்போவை, அதாவது வளைவு இணைப்பை, அரித்துவிடும். அது உங்கள் பிழை ஆகாது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், குத்தகைதாரர் சட்டம் இந்த வேலைகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. சுவர், கட்டட அமைப்பு, பைப் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய், அதன் வாஷர், வடிகால் அடைப்பு, வாஷ்பேசின் பழுது போன்றவை வாடகைதாரர் பொறுப்பு. ஆகவே வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. குழாய் சொட்டினால் நீங்கள் மாற்றத்தான் வேண்டும். சுவருக்குள் பைப் ஓட்டையானால் அது அவர் பணம்.

இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதுங்கள்: கசிவை எப்போது பார்த்தீர்கள், தொட்டிச் சோதனையில் என்ன தெரிந்தது, பிளம்பர் சொன்ன தொகை எவ்வளவு, 15 நாளுக்குள் செய்து தருவாரா. கூடவே சுவரின் படங்களையும் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசிவிட்டு விட்டுவிட வேண்டாம். பிளம்பரிடம் "சுவருக்குள் இருக்கும் பைப்பில் கசிவு" என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். குடிவந்த நாளில் எடுத்த படம் ஏதாவது உண்டா என்றும் தேடுங்கள். பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பின்னால் அந்தச் சுவர் பளிச்சென்று நின்றால் அதுவே போதும்.

அவர் மறுத்தால் நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஒரே மாதத்தில் முழு வாடகையையும் நிறுத்தினால் பேச்சு "வாடகை பாக்கி" என்று திரும்பிவிடும். மாதம் பாதி, அதாவது 3,750 கழித்தால் நான்கு மாதத்தில் கணக்கு தீரும். அதற்கு முன், பழைய லைனை டம்மி (மூடி) போட்டு அடைத்துவிட்டு வெளிச்சுவரில் புது பைப் ஓட்டினால் எவ்வளவு என்று இன்னொரு பிளம்பரிடம் கேளுங்கள். சுவரை உடைக்காத வேலை பெரும்பாலும் மலிவாக முடியும். பெயின்ட் மட்டும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். ஈரம் காயாத சுவரில் அது தங்காது.

பழுது வேலைக்கு முதலில் கையிலிருந்து பணம் போட வேண்டுமென்றால் அதே ஆர்.டி.யின் பேரில் கடன் வாங்குங்கள். 12 தவணை கட்டி ஓராண்டு முடிந்திருந்தால் இருப்பில் 50% வரை தருவார்கள்; உங்களுக்கு 26,000 வரை தேறும். வட்டி ஆர்.டி. வட்டியைவிட 2% அதிகம்: 6.7% என்றால் 8.7%. 14,000 ரூபாய்க்கு நான்கு மாத வட்டி சுமார் 400 ரூபாய்.

மின்கட்டணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பேன். நாளுக்கு 50 லிட்டர் கசிந்தாலும் இரண்டு மாதத்துக்கு 3,000 லிட்டர்தான். அதை ஏற்ற மோட்டார் சில மணி நேரம் ஓடினால் போதும். 1 எச்.பி. மோட்டார் மணிக்கு ஒரு யூனிட் அளவில்தான் இழுக்கும். பில்லில் யூனிட்டைப் பாருங்கள், 500 தாண்டியிருக்கலாம். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் இரட்டிப்பாகிவிடும். பொருந்தாத 800 ரூபாயைக் கேட்டால் நியாயமான 14,000 மீதும் சந்தேகம் விழும்.

மெத்தைக்கு நியாயமாகக் கேட்கலாம், கிடைத்தால் சரி. வாடகைதாரரும் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் 'பாரத் கிருஹ ரக்ஷா' காப்பீடு எடுக்க முடியும். பைப் திடீரென வெடித்துப் பொருள் நனைந்தால் அது கைகொடுக்கும். உங்களுடையது மாதக்கணக்கில் ஊறிய ஓதம், எடுத்திருந்தாலும் பணம் வந்திருக்காது.

ஒப்பந்தத்தை அடுத்த முறை புதுப்பிக்கும்போது, வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்லுங்கள். வழக்கு என்று போனால் அந்தப் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். அதில் ஒரு வரி சேருங்கள்: "சுவருக்குள் உள்ள பைப் பழுதும் அதனால் சுவருக்கு ஏற்படும் சேதமும் உரிமையாளரைச் சேரும், அட்வான்ஸில் கழிக்கப்படாது."