ராமேஸ்வரம் லிங்கக் கதை வால்மீகியில் இல்லையே, அப்போ பொய்யா?

சீதை மணலில் பிடித்த லிங்கமும், அனுமன் தாமதமாகக் கொண்டுவந்த லிங்கத்துக்கே முதல் பூஜை என்பதும் வால்மீகியில் தேடினால் கிடைக்காது, அது தலபுராணம். அதாவது ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதை.

ஏன் சொல்கிறது? தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டித் தீர்த்தத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், சுற்றிலும் உப்புக்கடல், நடுவில் கிணற்றில் நல்ல தண்ணீர். பார்க்கிற யாருக்கும் இது எப்படி என்று தோன்றத்தானே செய்யும், சீதையின் தாகத்துக்கு ராமன் வில்லை ஊன்றினான் என்று ஊர் பதில் சொல்லிவிட்டது. (பதில் அழகுதான், நிலத்தடி நீர் என்பதைவிட.)

ஒரே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் ஒரு ஆல்பம், பெண் வீட்டில் ஒரு ஆல்பம் இருக்கும் இல்லையா, அதில் இருக்கிற அத்தை இதில் இருக்க மாட்டார், அதற்காக அவர் கல்யாணத்துக்கே வரவில்லை என்றா சொல்வோம்? அப்படித்தான்.

அப்புறம், வால்மீகியில் இல்லாததெல்லாம் நேற்று யாரோ கட்டிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு: அரக்கரை வென்ற திருமால் செய்த கோயில் இது என்று 7ஆம் நூற்றாண்டிலேயே அப்பர் தேவாரத்தில் பாடிவிட்டார்.